மோனோதான் அசலா? 1958-ஐ ஒட்டிய ஜாஸ் குரல்கள் குறித்து

பழைய ஜாஸ் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்பவர்களிடையே, "மோனோதான் அசல், ஸ்டீரியோ வெறும் வித்தை" என்பது இப்போது வேதவாக்கு போல ஆகிவிட்டது. (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது மோனோ; இடம், வலம் என இரு தடங்களாகப் பிரிந்து வருவது ஸ்டீரியோ.) அதில் பாதி நியாயம் இருக்கிறது; மீதியை ஒவ்வொரு தட்டாகக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரின் குரலை எந்த வடிவத்துக்காகச் சமன்செய்தார்கள், நம் கைக்கு வந்திருப்பது அதுதானா என்பதையே பார்க்க வேண்டும்.

முதலில் நியாயமான பாதி. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் ஸ்டீரியோ இசைத்தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியது 1958-இல்தான். அவற்றின் விலை மோனோவைவிட ஏறக்குறைய ஒரு டாலர் கூடுதல்; அவற்றை இசைக்கும் கருவி வைத்திருந்த வீடுகளோ மிகக் குறைவு. எனவே விற்பனைக்குரிய பதிப்பு என்றால் அது மோனோதான். அந்த ஆண்டு ஹாலிவுட்டில் கேப்பிடல் நிறுவனத்துக்காக ஃப்ராங்க் சினாட்ரா பாடி, நெல்சன் ரிடில் இசைக்கோர்வை அமைத்த 'ஒன்லி தி லோன்லி' தொகுப்பை இரண்டு வடிவங்களிலும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். ஸ்டீரியோவில் இசைக்குழு அழகாக விரிகிறது. ஆனால் சினாட்ரா ஓர் எட்டு பின்னே போய், எதிரொலிக்குள் நின்று பாடுகிறார். மோனோவில் அவர் முன்னே வந்துவிடுகிறார். 'ஒன் ஃபார் மை பேபி' பாடலில் பில் மில்லரின் பியானோ அவருடைய தோளுக்குப் பின்னால், சற்று மங்கலாக ஒலிக்கிறது. சொற்களின் முடிவில் மூச்சு அடங்குவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு: முதலில் வெளியான ஸ்டீரியோ தட்டில் மோனோவில் இருந்த இரண்டு பாடல்கள் இல்லை. ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்தவருக்குப் பத்துப் பாடல்கள், கொடுக்காதவருக்குப் பன்னிரண்டு.

மோனோவில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று எதுவும் இல்லாததால், ஒலிப்பதிவாளருக்கு இருந்தது முன், பின் என்ற ஒரே திசைதான். குரலை முன்னே கொண்டுவருவதும் வயலின்களைப் பின்னே தள்ளுவதும் ஒலி அளவாலும் எதிரொலியாலும் மட்டுமே முடியும். பல ஆண்டுகளாக அதையே செய்து கை பழகியவர்கள் அவர்கள். தொடக்கக்கால ஸ்டீரியோவிலோ, வாங்கியவருக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பதை நிரூபித்துக் காட்டும் அவசரம் பல தட்டுகளில் தெரிகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' தொகுப்பு விஷயத்தில் நான் கட்சி மாறிவிடுகிறேன். 1958 பிப்ரவரியில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் நியூயார்க் 30-ஆம் தெருக் கூடத்தில், ரே எல்லிஸின் பெரிய இசைக்குழுவோடு பதிவானது அது. அடுத்த ஆண்டு ஜூலையில் பில்லி இறந்துவிட்டார். குரல் தேய்ந்து, கரகரத்து, சில இடங்களில் வரி முடியும் முன்பே ஓய்ந்துவிடுகிறது. மோனோவில் அந்த வயலின் கூட்டம் அவரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஸ்டீரியோவில் அவை இரு புறமும் விலக, நடுவே அந்தக் குரலுக்கென்று ஓர் இடம் பிறக்கிறது. 'ஐ ஆம் எ ஃபூல் டு வான்ட் யூ' பாடலில் அந்தக் கரகரப்பு எதிலும் கரையாமல் தனித்து நிற்கிறது. அந்தக் கூடத்தின் உயரமான கூரையும் இதற்கு உதவியிருக்க வேண்டும். ஆனாலும் ஸ்டீரியோவை மட்டும் வாங்கினால் ஒரு பாடல் குறையும். 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' பாடலுக்கு, ஏற்கெனவே பதிவான இசையின்மேல் பில்லி பின்னர் தம் குரலைச் சேர்த்தது மோனோவில்தான் என்பதால், அன்றைய ஸ்டீரியோ தட்டில் அது இடம்பெறவில்லை.

போலி ஸ்டீரியோவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மோனோ டேப்பின் கனத்த ஒலிகளை ஒரு பக்கமும் மெல்லிய ஒலிகளை மறுபக்கமும் பிரித்து, சற்றே தாமதம் சேர்த்து, 1960-களில் பல நிறுவனங்கள் விற்ற சரக்கு அது. டிரம்பெட் கலைஞரும் பாடகருமான செட் பேக்கரின் 'செட் பேக்கர் சிங்ஸ்' தொகுப்புக்கு இன்னும் மோசமான கதி: மறுபதிப்பில் ஜோ பாஸின் கிட்டாரை மேலே ஒட்டிவிட்டார்கள். ஜோ பாஸ் மகா கலைஞர்தான், ஆனால் அந்தப் பாடல்கள் பதிவானபோது அவர் அங்கே இல்லை.

ஆனால் மோனோ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதும், அது மோனோவுக்கென்றே சமன்செய்த அசல் என்பதற்குச் சான்றாகாது. ப்ளூ நோட் நிறுவனத்துக்குப் பதிவு செய்த ரூடி வான் கெல்டர் 1958-இன் பிற்பகுதியிலிருந்து மோனோவுக்கென்று தனி டேப் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். இரு தடப் பதிவை ஒன்றாகக் கலந்தே மோனோ தட்டுகள் வெட்டப்பட்டன. 1962-இல் பதிவான பாடகி ஷீலா ஜோர்டனின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஷீலா' அந்தக் காலத்துத் தட்டு. அதன் மோனோவில் நாம் கேட்பது அதே டேப்பைத்தான், இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி. ஸ்டீரியோ தட்டைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினாலே ஏறக்குறைய அது கிடைத்துவிடும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க என் கை வராது; சினாட்ராவின் மோனோவுக்குத் தயங்காமல் கொடுப்பேன்.