விட்ட இடத்திலிருந்து தொடரவும்

லீவு போட்ட ஆசிரியரின் மேசையில், அவருக்குப் பதிலாக வகுப்பெடுக்க வருபவருக்கு ஒரு துண்டுச் சீட்டு: "விட்ட இடத்திலிருந்து தொடரவும்." எந்த இடம், எத்தனையாவது பக்கம்? முன்வரிசையைக் கேட்டால் மூன்று பதில் வரும், கடைசி பெஞ்ச் "அதெல்லாம் முடிச்சாச்சு" என்னும். யார் எங்கே உட்காருவார்கள் என்ற வரைபடமும் இருக்காது. அது இல்லாவிட்டால் அட்டெண்டன்ஸே கூத்துதான்: ஒரு பெயருக்கு இரண்டு பேர் "பிரசென்ட்" சொல்வார்கள், வராதவனுக்கும் ஒரு குரல் வரும். தலையை எண்ணிப் பதிவோடு ஒப்பிடுவதற்குள் பத்து நிமிடம் காலி. வொர்க்‌ஷீட் வைத்திருந்தாலும் 40 பேருக்கு 36 பிரதி. ஜெராக்ஸ் எடுக்கப் போனால் வகுப்பை யார் பார்ப்பது? புரொஜெக்டர் பாஸ்வேர்டு வேறு, லீவில் இருப்பவர் தலைக்குள். பக்க எண், இருக்கை வரைபடம், சீக்கிரம் முடிப்பவர்களுக்கு ஓர் உபரி வேலை. இதை எழுத அரைப்பக்கம் போதாதா? லீவு லெட்டர் மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு வருகிறது.