சீசருக்கு இடமுண்டு, கோவிந்தனுக்கு இல்லை

ஜனவரி 10ஆம் தேதிப் பாடசாலைக் காலைக் கூட்டத்தின் 'வரலாற்றில் இன்று' பட்டியலிலிருந்து, பொலிஸ் சூட்டில் இறந்த தோட்டத் தொழிலாளி முல்லோயா கோவிந்தனின் பெயர் வெட்டப்பட்ட கதை இதற்குள் உங்கள் எல்லோரையும் எட்டியிருக்கும். என் அக்காள் மகள் எழுதிக் கொடுத்த ஐந்து வரிகளில் நான்கு வாசிக்கப்பட்டன. கோவிந்தனைப் பற்றிய ஐந்தாவது வரி மட்டும் சிவப்பு மையால் கோடிடப்பட்டு, 'உலக நிகழ்வுகள் மட்டும்' என்ற ஓரக்குறிப்போடு திரும்பி வந்தது. படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வருகிற பாடசாலை அது.

வாசிக்கப்பட்ட நான்கையும் நான் குறை சொல்லவில்லை. 1863 ஜனவரி 10இல் லண்டனில் பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையே சுரங்க ரயில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1920இல் அதே நாளில் வெர்சாய் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1946இல் அதே நாளில் 51 நாடுகளோடு ஐ.நா. பொதுச்சபை லண்டனில் முதன்முறையாகக் கூடியது. எல்லாம் பிள்ளைகள் அறிய வேண்டியவைதான். ஆனால் லண்டன்காரர்கள் நிலத்தடியில் ரயிலேறிய அந்தக் காலத்தில், நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கோப்பித் தோட்டங்களைத் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். அந்த நடை எந்த நாளின் பட்டியலிலும் வராது.

நான்காவது வரி, கி.மு. 49இல் சீசர் ரூபிகன் ஆற்றைக் கடந்தது. அந்த ஜனவரி 10 நம்முடைய ஜனவரி 10 அல்ல. ரோமானிய நாட்காட்டி அப்போது பருவங்களை விட்டு விலகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய சீசரே பிறகு ஓர் ஆண்டை 445 நாட்களாக நீட்ட வேண்டியிருந்தது. அந்தத் தேதிக்கு மரியாதை உண்டு. 1940 ஜனவரி 10இல் ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயா தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தாரே, அந்தத் தேதிக்கு மரியாதை இல்லை.

'ஒரு தொழிலாளியின் சாவு உலக வரலாறு ஆகுமா?' என்பார்கள். அந்தச் சூட்டை ஒட்டிப் பொலிஸ் அதிகாரம் யார் கையில் என்று எழுந்த தகராறில், அடுத்த மாதமே இலங்கையின் அமைச்சர் சபை பதவி விலகியது. ஒரு குடியேற்ற நாட்டின் ஆட்சியையே ஆட்டிய சாவு எந்த உலகத்தில் நடந்தது என்று அவர்களே சொல்லட்டும்.

எங்கள் லயத்தில் பிறந்த ஆண்டை எவரும் தாளில் குறித்து வைத்ததில்லை. "கோவிந்தனச் சுட்ட வருசம் பொறந்தவன் ஒன் பெரியப்பன்" என்று தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே சொல்வார். அந்தக் கணக்குதான் எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ். 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்து, உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்று கேட்டபோது, அந்தக் கணக்கை எந்தக் கந்தோரும் ஏற்கவில்லை. தேதி இல்லாததால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனத்துக்கு மிஞ்சிய ஒரு தேதியையும் சிவப்பு மை கொண்டு போயிற்று என்பதுதான் என் வலி.

'யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டில் ஒன்பது பேர் மாண்டதும் 1974இன் இதே ஜனவரி 10தானே, அதை ஏன் சொல்லவில்லை?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதையும் வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒன்பது பேரை ஆண்டுதோறும் நினைவுகூர்கிற அவர், அதே நாளில் கோவிந்தனை ஒருமுறையேனும் நினைத்ததுண்டா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டேன்.

கடைசியாக, 'பாடசாலையில் அரசியல் வேண்டாம்' என்பவர்களுக்கு ஒன்று. சொந்த நாட்டின் செனட்டை மீறிச் சீசர் படையோடு ஆற்றைக் கடந்தது என்ன, கதிர்காமப் பாதயாத்திரையா?