புதுப்பித்தாலும் தொல்லை, விட்டாலும் தொல்லை

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில், புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று காட்டும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'தீம்' என்ற கோப்புத் தொகுப்பைப் புதுப்பித்தால் பழைய கோப்புறையே அழிந்து புதியது வந்து உட்காரும். அதில் திருத்திய வரிகளெல்லாம் போயே போச்சு. திருத்தங்களைத் தனியே வைக்கும் துணைத் தொகுப்பான சைல்டு தீம் வைத்துக்கொள் என்கிறார்கள். வைத்துத்தான் இருக்கிறேன்! அதனால் என்ன பயன்? நான் அதில் நகலெடுத்து வைத்த ஹெடர் கோப்பு, அதாவது பக்கத்தின் தலைப்பகுதிக்கான கோப்பு, பழையதாகவே நிற்கிறது. மூலத் தீமோ நிரலில் உள்ள எல்லாப் பெயர்களையும் மாற்றிக்கொண்டு போய்விடுகிறது. கைபேசியில் மெனு திறப்பதில்லை. தமிழுக்கென்று பார்த்துப் பார்த்துக் கூட்டிய வரி இடைவெளி செல்லாமல் போய், 'கீ'யின் சுழி மேல்வரியில் முட்டுகிறது. இதை வாசகர் எப்படிப் படிப்பார்?

2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பு, பழைய நிரல்களை ஓடவைத்த ஜேக்வெரி மைக்ரேட் என்ற துணை நிரலை நிறுத்தியபோது எத்தனை தளங்களில் மெனுக்களும் ஸ்லைடர்களும் அசையாமல் நின்றன! சரி, புதுப்பிக்காமல் விடலாமா? பாதுகாப்பு ஓட்டை வழியாக எவனோ புகுந்து சூதாட்ட இணைப்புகளைச் செருகிவிடுவான். மாற்றக் குறிப்பைத் திறந்தால் "சிறு திருத்தங்கள்" என்று ஒற்றை வரி. எந்தக் கோப்பில், எந்த வரியில் கை வைத்தீர்கள்? அதை எழுத உங்களுக்கு அவ்வளவு சிரமமா?