பெஞ்சைத் தூக்கினா அரசியல் போயிடுமா?

ஒரு கல்லூரி கேன்டீன் போட்டோ சுத்திக்கிட்டு இருக்கு. பெஞ்சுகளை எடுத்துட்டு நெஞ்சளவு உயர மேசை. சுவரில் "சாப்பிட்டவுடன் இடத்தைக் காலி செய்யவும்". சுகாதாரத்துக்காகவாம். மாணவர்கள் உட்கார்ந்து அரசியல் பேசக் கூடாதுன்னு இல்லையாம். நம்பிட்டோம்.

கல்லூரி மாணவர் தேர்தலை எப்படி நடத்தணும்னு லிங்டோ கமிட்டி சொல்லி, 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிகளைப் படிச்சுப் பாருங்க. மாணவர் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடிச்ச போஸ்டர் கூடாது; கையால் எழுதினதையும் குறிச்ச இடத்தில்தான் ஒட்டணும். பிரச்சாரத்துக்கு ஒலிபெருக்கி கிடையாது. வேட்புமனு தாக்கலிலிருந்து முடிவு வரை 10 நாளுக்குள். சரி, நல்ல விதிதான். மிச்சம் இருக்கிறது வாய் மட்டும். அந்த வாய்க்கு நாலு பேர் உட்கார இடம் வேண்டாமா?

"மாணவர் சங்க அலுவலகம் இருக்கே?" அங்கே நுழையறவன் ஏற்கெனவே முடிவெடுத்தவன். முடிவெடுக்காதவன் பசிக்குத்தான் வருவான், கேன்டீனுக்கு.

கோரிக்கைத் தாளுக்குக் கையெழுத்து வாங்கினவங்களுக்குத் தெரியும். தாளில் பெயர், துறை, ஆண்டு, கையெழுத்து. மேலே கோரிக்கை ரெண்டே வரி. கையெழுத்துகளில் முதல் வரியில் மாணவர் அமைப்புக்காரன் பெயர் இருந்தா அடுத்தவன் பேனாவைத் தொடமாட்டான். எந்தப் பக்கமும் சாயாத ஒருத்தர் கையெழுத்து முதல்ல விழணும். தாளை மேசையில் விட்டுட்டு நகரக் கூடாது, டீ டம்ளர் அதுமேலதான் உட்காரும். நின்னுக்கிட்டே கேட்டா "அப்புறம் போடறேன்". பக்கத்தில் உட்கார்ந்து கேட்டா, "இது எதுக்கு?"ன்னு திருப்பிக் கேட்பான். அந்தக் கேள்விதாங்க அரசியல். அதுக்குத்தான் பெஞ்சு.

"அடிதடி நடக்குதே?" நடக்குது. வாசல் மேசையை ஒரு கோஷ்டியே வருஷம் பூரா பிடிச்சு வைக்கிறதும், தலைவர்கள் கடன் சொல்லிட்டுப் போறதும் நடக்குது. வகுப்பறையிலும்தான் அடிதடி நடக்குது. அங்கே பெஞ்சைத் தூக்கினோமா?

டாக்கா பல்கலைக்கழகத்து மதுர் கேன்டீனில் உட்கார்ந்துதான் தலைமுறை தலைமுறையா மாணவர்கள் போராட்டம் திட்டமிட்டாங்க. அதை நடத்தின மதுசூதன் தேயை 1971 மார்ச் 26 அன்னிக்கு பாகிஸ்தான் ராணுவம் கொன்னுச்சு. டீ கொடுத்த மனுஷன்! கேன்டீன் மேசைக்கு என்ன மதிப்புன்னு ராணுவத்துக்கே தெரிஞ்சிருக்கு. "படிக்கிற வேலையைப் பாருங்கப்பா"ன்னு கமென்ட் போடற பெரியவங்களுக்குத்தான் தெரியலை.

18 வயசில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். ஆனா ஹாஸ்டல் குடிதண்ணியைப் பத்தி உட்கார்ந்து பேசக் கூடாது, அப்படித்தானே? வலிக்குதுங்க.

சுகாதாரம்தான் கவலைன்னா, முதல்ல கை கழுவற இடத்தில் சோப்பு வையுங்க. அதுக்கும் ஒரு கையெழுத்துத் தாள் அனுப்பணும்னா சொல்லுங்க, நின்னுக்கிட்டே எழுதித் தரோம்.