சைடுபாரில் கும்மாயத்துக்கு ஓர் இடம்

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் தேவகோட்டையிலிருந்து சின்னாத்தா போன் செய்தார். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு பார்க்கலாம் என்று அவருடைய மருமகள் என் சமையல் வலைப்பூவைத் திறந்திருக்கிறாள். சென்னையில் வளர்ந்த பிள்ளை, புகுந்த வீட்டில் முதல் பணியாரம். பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அந்தப் பாத்திரத்தின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும் என்கிற வரிக்கு வருவதற்குள் பக்கம் தானாகத் தாவி, சீட்டாட்ட விளம்பரம் ஒன்று வந்து நின்றிருக்கிறது. "ஏத்தா, ஒன் பக்கத்துல எப்படி சீட்டாட்டம் வருது? யாரும் எதுவும் பண்ணிட்டாகளா?" என்று சின்னாத்தா பதறிப்போய்க் கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று இரவே உட்கார்ந்து தேடினேன். யாரும் உள்ளே நுழையவில்லை. 2010-ல் நானே ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரு வருகைக் கணக்கிதான் காரணம். இத்தனை பேர் வந்தார்கள் என்று, பக்கத்தின் ஓரப் பட்டையான சைடுபாரில் எண் ஓடிக்கொண்டிருக்கும், அது. அவர்கள் கொடுத்த நாலு வரியை எச்.டி.எம்.எல்./ஜாவாஸ்கிரிப்ட் கேட்ஜெட்டில், அதாவது வெளி நிரலை ஒட்டுவதற்கான சைடுபார்ப் பெட்டியில், ஒட்டியிருந்தேன். அந்த நாலு வரிக்குள் கணக்கி எதுவும் கிடையாது. 'இந்த முகவரிக்குப் போ, அங்கே என்ன நிரல் இருக்கிறதோ அதை எடுத்து வந்து இங்கே ஓடவிடு' என்கிற கட்டளை மட்டும்தான் இருக்கும். அந்தச் சேவை எப்போதோ நின்று, அதன் டொமைன் (இணைய முகவரி) காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கணக்கி இருந்த இடத்தில் விளம்பரத்துக்கு இழுத்துப் போகிற நிரலை வைத்துவிட்டார்கள். என் பக்கமோ, வருகிற ஒவ்வொருவருக்கும் பழைய கட்டளையை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று எனக்குத் தெரியாது. என் வலைப்பூ இருக்கிற கூகுளின் பிளாக்கரில் லேஅவுட் பக்கத்துக்குப் போய், அந்தக் கேட்ஜெட்டைத் திறந்து, ரிமூவ் கொடுத்து, கீழே சேமிக்கிற பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் பல வருடமாகச் செலவழிக்கவில்லை என்பதுதான் மனதை அறுத்தது.

வலைப்பூ வைத்திருக்கும் நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் சைடுபாரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். வெளியிலிருந்து ஒட்டிய நிரல் எது எது, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, உங்களுக்கே எதற்கென்று தெரியாததை எடுத்துவிடுங்கள். என் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது, மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் பதிவு வீடு தேடி வரும் என்று சொன்ன பெட்டி. அந்த அஞ்சல் சேவை 2021-லேயே நின்றுபோயிற்று. பெட்டி மட்டும் அங்கேயே நின்று, வருகிறவர்களிடம் முகவரி கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்தவர்கள் எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

அந்தக் காலத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004-ல் வந்த பிறகு தமிழில் எழுத வந்தவர்கள் கூடிக்கொண்டே போன வருடங்கள் அவை. நான் 2009-ல் வந்து சேர்ந்தேன். எல்லோர் சைடுபாரிலும் கடிகாரம் ஓடும், மீன் நீந்தும், எந்த நாட்டிலிருந்து யார் வந்தார் என்று கொடி பறக்கும். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட விருதுகள் வரிசையாகத் தொங்கும். பின்தொடர்பவர் பட்டியலில் புதிதாக ஒரு முகம் சேர்ந்தால் அன்று முழுக்கச் சந்தோஷம். அதிலும் 'நான் வாசிக்கும் வலைப்பூக்கள்' என்று ஒரு பட்டியல் எல்லோரும் வைத்திருந்தோமே, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது போலப் போய்க்கொண்டே இருக்கலாம். என்னிடம் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டவர்களின் பக்கங்களையும் எடுக்கவில்லை, ஏனென்றால் எழுதியது அங்கேதான் இருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

குப்பையைக் கூட்டித் தள்ளிய பிறகு சைடுபாரில் மிஞ்சியவற்றில் பெரியது, அதிகம் வாசிக்கப்பட்ட பதிவுகளைத் தானாக வரிசைப்படுத்தும் 'பாப்புலர் போஸ்ட்ஸ்' கேட்ஜெட். எல்லாக் காலமும், கடந்த ஓராண்டு, கடந்த 30 நாள், கடந்த 7 நாள் என்று நாலு வகையில் எதையாவது தேர்ந்து வைக்கலாம். நான் எல்லாக் காலமும் என்றே விட்டுவைத்திருந்தேன். முதல் இடத்தில் கோழிக் குழம்பு. அதற்கடுத்து நண்டு, அதற்கடுத்து மிளகு வறுவல். பத்து வருடத்துக்கு மேல் அந்த வரிசை அசையவே இல்லை. எப்படி அசையும்? கூகுளில் தேடி வருகிறவர் கோழிக்குத்தான் வருகிறார். வந்தவர் கண்ணில் அந்தப் பட்டியல் படுகிறது, அதிலேயே அடுத்ததை அழுத்துகிறார், அதன் எண்ணிக்கை கூடுகிறது, அது அங்கேயே நிலைக்கிறது. பட்டியலில் இருப்பதாலேயே வாசிக்கப்படுகிறது, வாசிக்கப்படுவதாலேயே பட்டியலில் இருக்கிறது.

2012-ல் ஆடிக் கும்மாயம் என்கிற எங்கள் ஊர் இனிப்பைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். வளவு என்கிற நடு முற்றத்துக்குப் பக்கத்தில் பட்டாலையில் ஆயா உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. உளுந்து எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, பச்சரிசி எவ்வளவு, எதை எந்தப் பதத்துக்கு வறுக்க வேண்டும், கருப்பட்டிப் பாகை வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் கடிக்கும் என்பது வரைக்கும் ஆயா சொன்னார். நெய்யை மட்டும் அளவு சொல்லவில்லை. "கை ஒட்டாம உருண்டு வர்ற வரைக்கும் ஊத்து" என்றார். ஆயா இப்போது இல்லை. நான் எழுதியதிலேயே எனக்கு உயிரான பதிவு அதுதான். அது என் சைடுபாரில் எங்கேயும் இல்லை. பழைய பதிவுகளை வருடம், மாதம் என்று அடுக்கும் ஆர்க்கைவ் கேட்ஜெட்டில் 2012-ஐ விரித்து, ஜூலையை விரித்து, தலைப்பைத் தேடினால்தான் கிடைக்கும். கும்மாயம் எந்த வருடம் எந்த மாதம் எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு யார் வருவார்கள்?

செட்டிநாடு என்றால் மிளகும் கோழியும் என்று வெளியூரில் ஆகிப் பல காலம் ஆயிற்று. ஹோட்டல் பலகைகள் சொல்வதையே என் சொந்தப் பக்கமும் சொல்ல வேண்டுமா? காரைக்குடியில் உட்கார்ந்து எழுதுகிற நான், என் பக்கத்துக்கு வருகிறவருக்கு முதலில் என்ன காட்டுவது என்று ஒரு எண்ணிக்கைக் கணக்கிடம் விட்டிருந்தேன். இனி விட மாட்டேன். சைடுபாரில் என்ன வைப்பது என்பது எழுதியவர் எடுக்க வேண்டிய முடிவு. பதிவு எழுதுவதில் எவ்வளவு அக்கறை உண்டோ அதே அக்கறையை அதற்கும் கொடுக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் வாழ்ந்தார். வாழ்நாள் முழுக்கத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வீட்டில் சேர்த்துவைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய், 1994-ல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. இன்று யாரும் போய்க் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள் என்றால், அட்டவணை போட்டு வைத்திருப்பதால்தான். என்னிடம் இருப்பது நானூற்றுச் சொச்சம் பதிவு. அதற்குக்கூட நான் அட்டவணை போட்டு வைக்கவில்லை.

அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து சைடுபாரை மறுபடி கட்டினேன். என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம்.

முதலில் லேபிள்கள், அதாவது பதிவுகளை வகை பிரிக்க ஒட்டும் பெயர்கள். திறந்து பார்த்தால் நூறுக்கு மேல் கிடந்தன. 'பணியாரம்' ஒன்று, 'பணியாரங்கள்' ஒன்று, அவசரத்தில் தட்டிய 'பனியாரம்' ஒன்று. தமிழில் எழுதுகிற நமக்கு இது கூடுதல் தொல்லை. ஒருமை பன்மையும் ஒரு எழுத்துப் பிழையும் போதும், இயந்திரத்துக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள். பணியாரத்தை அழுத்துகிறவருக்குப் பாதிப் பணியாரம்தான் கிடைக்கும். பதிவுகளின் பட்டியலில் பலவற்றை ஒன்றாகத் தேர்ந்து லேபிளை ஏற்றவும் இறக்கவும் முடியும், ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. பதினோரு லேபிளாகக் குறைத்தேன். கேட்ஜெட்டில் எல்லா லேபிளும் வேண்டாம், தேர்ந்தவை மட்டும் போதும் என்று வைத்தேன். பெரிதும் சிறிதுமாக எழுத்து மிதக்கிற 'கிளவுட்' வடிவத்தை விட்டுவிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியல் ஆக்கினேன். தலைப்பையும் மாற்றினேன். 'லேபிள்கள்' என்று போட்டால் எங்கள் ஊர் ஆச்சிமாருக்கு என்ன புரியும்? 'இன்றைக்கு என்ன செய்யலாம்' என்று போட்டிருக்கிறேன்.

அதற்கு மேலே லிங்க் லிஸ்ட் கேட்ஜெட்டில் நானே தேர்ந்த பன்னிரண்டு பதிவுகள். கும்மாயம், உக்காரை, கந்தரப்பம், கவுனி அரிசி, மணகோலம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியக் குழம்பு. இயந்திரம் ஒருநாளும் மேலே கொண்டுவராதவை. எல்லாவற்றுக்கும் மேலே, தேடும் பெட்டியை ஒட்டி, ஒரு சின்ன டெக்ஸ்ட் கேட்ஜெட். அதில் அந்தந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு பதிவு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள் கழித்து மார்கழியில் பிள்ளையார் நோன்பு வரும்போது, இழை மாவு எப்படிப் பிசைவது, திரியை எப்படி வைத்து ஏற்றுவது என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் தேடுவார்கள். அந்த நேரத்தில் அது பக்கத்தைத் திறந்ததும் கையில் கிடைக்க வேண்டும். பாப்புலர் போஸ்ட்ஸையும் எடுக்கவில்லை. 30 நாள் கணக்குக்கு மாற்றி, மூன்று பதிவு மட்டும் காட்டச் சொல்லி, கீழே இறக்கியிருக்கிறேன். கோழிக் குழம்பு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் இந்த டெம்ப்ளேட்கள் (தீம்கள்) ஆங்கிலச் சொற்களை மனதில் வைத்து அமைத்தவை. நம் சொற்கள் நீளம். 'கானாடுகாத்தான்' என்று ஒரு சொல் போட்டாலே குறுகலான பட்டையில் இடிக்கிறது, இரண்டு சொல் சேர்ந்தால் வரி பிளந்துபோகிறது. தீம் பகுதியில் கஸ்டமைஸுக்குள் அகலத்தைச் சரிசெய்கிற இடம் இருக்கிறது. பழைய டெம்ப்ளேட்தான் என்பதால் என்னால் சைடுபாரை 300 பிக்சல் வரைக்கும் தள்ள முடிந்தது. வரிகளுக்கு இடையிலும் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டேன். கொம்பும் சுழியும் மேலே கீழே நீள்கிற எழுத்து நம்முடையது, ஆங்கிலத்துக்கு விட்ட இடைவெளி பற்றாது. ஆத்தங்குடித் தரைக்கல் படம் ஒன்றைக் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றி வைத்திருந்தேன். விரல் நீளத்துக்குத் தெரிகிற படத்துக்காக, பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் நாலு மெகாபைட் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் சுருக்கி ஏற்றினேன்.

போனில் பார்த்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. இவ்வளவு பாடுபட்ட சைடுபார் போனில் காணவே இல்லை. பிளாக்கரின் பழைய டெம்ப்ளேட்களில் மொபைல் வடிவம் தனி. டெம்ப்ளேட்டின் எச்.டி.எம்.எல்.-இல் அந்தந்த விட்ஜெட்டின் (கேட்ஜெட்டுக்கு அங்கே இந்தப் பெயர்) வரியில் மொபைலுக்கும் உண்டு என்று குறித்து, மொபைலுக்கான தீம் தேர்வையும் 'கஸ்டம்' என்று மாற்றினால்தான் வரும். புதிய தீம்களில் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும், இல்லையென்றால் பதிவு முடிந்த பிறகு கீழே இறங்கிவிடும். அதனால் எதை முதலில் அடுக்குகிறோம் என்பது இன்னும் முக்கியமாகிறது. கீழே இறங்கின பட்டையில் மூன்றாவது பெட்டிக்கு மேல் யாரும் விரலைத் தள்ளிப் போவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிளாக்கருக்குப் பதில் வேர்ட்பிரஸில் வலைப்பூ வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. 2007-ல் விட்ஜெட் அதன் உள்ளேயே வந்தது. 2021-ல் வந்த 5.8 பதிப்பிலிருந்து விட்ஜெட் பக்கமும், ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக அடுக்கும் பிளாக் முறைக்கு மாறிவிட்டது. பழைய முறைதான் கைக்கு வருகிறது என்றால் 'கிளாசிக் விட்ஜெட்ஸ்' என்கிற பிளகினை (கூடுதல் செருகியை) போட்டுக்கொள்ளலாம். தீம் மாற்றும்போது சைடுபார் காலியாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், 'இனாக்டிவ் விட்ஜெட்ஸ்' பகுதியில் பரணில் ஏற்றிய பாத்திரம் போலப் பத்திரமாகக் கிடக்கும். பிளாக் தீம் என்றால் விட்ஜெட் பக்கமே இருக்காது, சைட் எடிட்டருக்குள் போய்த்தான் வைக்க வேண்டும்.

சைடுபாரே வேண்டாம், எழுத்து மட்டும் நடுவில் இருந்தால் போதும், கண்ணுக்கு அமைதி என்று ஒரு தங்கை சொன்னாள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் செட்டிநாட்டு வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். முகப்பு வழியாக வருகிறவருக்கு வளவு தெரியும், வரிசையாக நிலைக்கதவுகள் தெரியும், வீடு எவ்வளவு பெரியது என்று சொல்லாமலே விளங்கும். பின் தெருவில் இறங்கி அடுப்படி வழியாக நுழைந்தவருக்கு அடுப்படி மட்டும்தான் வீடு. தேடுபொறியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பின்வாசலில் நுழைகிறவர்கள். அவர்களைக் கூப்பிட்டு, உள்ளே இன்னும் இருக்கிறது, வாருங்கள் என்று சொல்ல எனக்கு இருக்கிற ஒரே இடம் அந்தப் பட்டைதான்.

சின்னாத்தா வீட்டு மருமகளின் போனில் நேற்று நானே திறந்து காட்டினேன். வேறெங்கும் தாவாமல் நின்றது. கீழே இறங்கிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கும்மாயம்னா என்ன அக்கா?" என்று கேட்டாள். ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மேலே இருக்கிற சின்னப் பெட்டியில் ஆயாவின் பதிவை ஏற்றிவிட்டேன்.