பேங்க் சைடு ஜூனியர்னா டெம்ப்ளேட் நிரப்புற ஆளா?

லா முடிச்சுட்டு எங்க சேரலாம்னு கேக்குற பசங்ககிட்ட, பேங்குக்காக சொத்துப் பத்திரம் பாத்து, கடன் நோட்டீஸ் அனுப்புற பேங்க் பேனல் வக்கீல் ஆபீஸ்னு சொன்னாலே மூஞ்சி சுருங்கிடுது. கிரிமினல் சைடு போனா கோர்ட்ல நின்னு பேசலாம், அங்க போனா ஈசி (வில்லங்கச் சான்று) பாத்து டைப் அடிக்கற வேலைதானே மேடம்ங்கறாங்க. அவங்களத் தப்பு சொல்ல மாட்டேன், நிறைய ஆபீஸ்ல நாமதான் அப்படி வச்சிருக்கோம். சொத்தோட உரிமை சரியா இருக்கான்னு பேங்குக்கு எழுதிக் கொடுக்கறதுதான் லீகல் ஒப்பினியன்; அதுல பழைய ஃபைலைத் தொறந்து பேரு, சர்வே நம்பர், தேதி மாத்தி பிரிண்ட் எடுத்து சீனியர் டேபிள்ல வச்சா ஜூனியர் வேலை முடிஞ்சுது. ஏன் எதுக்குன்னு யாரும் சொல்றதில்ல. இதுல எனக்கு ரொம்ப நாளா வருத்தம், கோபம் ரெண்டும் இருக்கு.

நான் சேர்ந்த ரெண்டாவது மாசம் ஒரு ஹவுசிங் லோன் ஃபைல் வந்துச்சு. பூர்வீகச் சொத்து, அப்பா 1993ல உயில் எதுவும் எழுதாம தவறிட்டாரு, 1994ல பசங்க மூணு பேரும் பாகப்பிரிவினைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க, அதுல நடுப் பையன் தன் பாகத்தை வித்திருக்காரு, வாங்கினவருதான் இப்ப லோன் கேக்குறாரு. முப்பது வருஷ ஈசில வில்லங்கம் எதுவும் இல்ல, பட்டாவும் அவரு பேர்லயே இருக்கு. டைட்டில் கிளியர்னு அடிச்சு கொண்டுபோய் வச்சேன். சார் கையெழுத்து போடல. வாரிசு சர்டிஃபிகேட்டை மட்டும் தனியா எடுத்து என் பக்கம் நகர்த்தி, "இதுல எத்தனை பேருன்னு எண்ணுமா"ன்னாரு. எண்ணினேன். பிள்ளைங்க நாலு பேரு, நாலாவது ஒரு பொண்ணு. பத்திரத்துல அவங்க பேரே இல்ல.

"இவங்களுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆச்சு?"ன்னு அடுத்த கேள்வி. எனக்கு ஏன் கேக்குறாருன்னே புரியல. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25 அன்னைக்குக் கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு பூர்வீகச் சொத்துல மகனுக்குச் சமமா பங்கு வந்துடுச்சு, நாடு முழுக்க 2005ல வந்த சட்டத்துக்கு 16 வருஷம் முன்னாடியே. சரி, அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருந்தா? அப்பவும் அப்பாவோட பங்குல மகள்ங்கற முறையில வாரிசு உரிமை இருக்கு, அளவுதான் குறையும். ஆக எப்படிப் பாத்தாலும் அந்த அம்மா இல்லாம அந்தப் பாகப்பிரிவினை முழுசாகாது. அவங்ககிட்ட, தன் பங்கை விட்டுத்தர்ற விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு வரச் சொல்லி ஒப்பினியனை மாத்தி எழுதினோம். இதெல்லாம் காலேஜ்ல படிச்சு மார்க்கும் வாங்கினதுதான், ஆனா அந்த வாரிசு சர்டிஃபிகேட்டை எண்ணினப்பதான் எனக்குள்ள இறங்குச்சு.

கடன் கட்டாதவங்க அடமானச் சொத்தை பேங்க் கேஸ் போடாமலே எடுத்து விக்க வழி பண்ற சர்பாசி சட்ட வேலையும் இப்படித்தான். தவணை 90 நாள் தாண்டினா கணக்கு என்பிஏ (வராக்கடன்), அப்புறம் செக்ஷன் 13(2)ல 60 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸுக்கு கடன் வாங்கினவங்க ஆட்சேபம் எழுதலாம், பேங்க் அதைப் பரிசீலிச்சு ஏத்துக்கலன்னா 15 நாளுக்குள்ள காரணத்தோட பதில் சொல்லணும்னு 13(3ஏ)ல இருக்கு. 2004 மார்டியா கெமிக்கல்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இப்படிக் காரணம் சொல்லணும்னு சொன்னதுக்கு அப்புறம் வந்த பிரிவு அது. அந்தப் பதிலைக் கூட ஒரே ஒரு டெம்ப்ளேட்ல, ‘உங்கள் ஆட்சேபம் ஏற்கத்தக்கதல்ல’ன்னு ஒரு வரில ஜூனியரை அடிக்க வச்சு அனுப்புறாங்க. காரணம் எங்க?

ஒரு தடவை, சொத்தைக் கையில எடுக்க மாஜிஸ்திரேட் தர்ற செக்ஷன் 14 ஆர்டர் வாங்கி, அதுக்காக நியமிச்ச வக்கீலான அட்வகேட் கமிஷனரோட வீட்டை பொசஷன் எடுக்கப் போனப்ப நானும் கூடப் போனேன். அந்த வீட்டுப் பாட்டி சாமி படத்துக்குப் பின்னாடியிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தாங்க. நான் டைப் பண்ண 13(2) நோட்டீஸ், முழுக்க இங்கிலீஷ், தொகை இருந்த வரிய மட்டும் யாரோ பேனால அடிக்கோடு போட்டிருந்தாங்க. பதில் எழுதலாம்னோ, பொசஷன் நோட்டீஸ் வந்தப்ப 45 நாளுக்குள்ள டிஆர்டி (கடன் வசூல் தீர்ப்பாயம்) போகலாம்னோ அந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. கடன் பாக்கி நெஜம், பேங்க் பணம் மக்கள் பணம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அன்னைலேருந்து என் ஆபீஸ்ல போற ஒவ்வொரு நோட்டீஸோடவும் தமிழ்ல ஒரு பக்கம் சேர்த்துதான் போகுது, சட்டம் கேக்கலன்னாலும்.

சம்பள விஷயமும் சொல்லிடறேன். சென்னை, மதுரை, கோவைல ஜூனியருக்கு மாசம் குறைஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000 தரணும்னு 2024 ஜூன்ல நம்ம ஹைகோர்ட்டே சொல்லியாச்சு. பஸ்சுக்குக் காசில்லாத பிள்ளை பத்திரத்தை எப்படிங்க நிதானமா படிக்கும்?

எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு முதல் மாசம் கம்ப்யூட்டர் கிடையாது, தாய்ப்பத்திரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொன்னா படிச்சு யாரு யாருக்கு எப்படிக் கொடுத்தாங்கன்னு பேப்பர்ல கையால வரையணும். போன வாரம் ஒரு பொண்ணு 1971 பத்திரத்தோட வந்து நின்னா, நாலெல்லைல வடக்கே வாய்க்கால்னு இருக்கு மேடம், அடுத்த பத்திரத்துலேருந்து அது ரோடுன்னு வருது, வாய்க்கால் என்னாச்சுன்னு கேட்டா. எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) கேட்டு எழுதிப் போட்டிருக்கோம், அது வர்ற வரைக்கும் ஃபைல் அவ டேபிள்லதான் இருக்கும்.