ஐந்தரை மணி என்றால் ஐந்தரை மணி

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். வேலூர் கோட்டை மைதானத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு பையன் வெயிலில் விழுந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பதிவு போட்டுவிட்டார்கள். எல்லாவற்றின் கீழேயும் ஒரே பல்லவி: "தண்ணி ஒழுங்கா குடிச்சிருந்தா அந்தப் பையன் விழுந்திருக்க மாட்டான்." நேற்று ராத்திரி ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவரும் அதையே எழுதியிருந்தார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பையன் தண்ணீர் குடித்தான். சத்துவாச்சாரி திருப்பத்தில் தண்ணீர் மேஜையில் வாலண்டியராக நின்று அவனுக்குத் தம்ளர் எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஒன்றைக் குடித்தான், இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டான், "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான். நல்ல ஓட்டக்காரன். முன்னால் போன கும்பலில் இருந்தான். போலீஸ் செலக்‌ஷனுக்குப் பழகுகிற பையன்.

அவன் விழுந்ததற்குத் தண்ணீர் காரணம் இல்லை. நோட்டீஸில் காலை 5.30 என்று போட்ட பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏழு மணிக்கு மேல் கொடி அசைத்ததுதான் காரணம். சிறப்பு விருந்தினர் வரவில்லை, அதனால் ஓட்டம் துவங்கவில்லை. வந்த பிறகு பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை. விடியற்காலை எழுந்து வந்த பிள்ளைகள் வார்ம்-அப் செய்துவிட்டு, வேர்வை காய்ந்து, மறுபடி வார்ம்-அப் செய்துகொண்டு நின்றார்கள். நாங்கள் சர்வீஸ் ரோட்டில் இருட்டோடு இருட்டாக மேஜை போட்டு கேன்களை அடுக்கிவிட்டு, போன் செய்து போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தோம். "இன்னும் வரலம்மா, வந்துட்டே இருக்கார்." கடைசியில் பையன்கள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது வெயில் நேராக அவர்கள் முகத்தில் அடித்தது. கேன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இது ஏப்ரல் மாதம், இது வேலூர். இதை இந்த ஊர்க்காரர்களுக்கே நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தரை மணிக்கு விட்டிருந்தால் அவன் ஆறரைக்கு முன்னால் மெடல் வாங்கிக்கொண்டு இட்லி சாப்பிட்டிருப்பான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தப் பதிவுகளின் கீழே வந்த பதில்களுக்கான பதில்.

முதல் பதில்: "வேலூர்க்காரனுக்கு வெயில் புதுசா? நாங்கெல்லாம் கத்திரியிலேயே வயல்ல நின்னவங்க."

சரி. உடம்பு வெயிலுக்குப் பழகும், உண்மைதான். தினமும் வெயிலில் உடம்பை வருத்தினால் பத்துப் பதினான்கு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரமே துவங்கும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறையும். ஆனால் நம் ஊர் ஓட்டக்காரர்கள் எந்த நேரத்தில் பழகுகிறார்கள்? விடியற்காலை நாலரை, ஐந்து. வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் உடம்பு பழகியிருப்பது விடியலுக்கு. எட்டு மணி வெயிலில் முழு வேகத்தில் ஓட அந்த உடம்பு பழகவே இல்லை. வயலில் நிற்பதற்கும் பத்து கிலோமீட்டர் விரட்டி ஓடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் காலை நகர்த்துகிறது, மிச்சம் எல்லாம் உள்ளேயே சூடாகத் தங்குகிறது. அந்தச் சூட்டை வேர்வை ஆவியாகித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். மேலே இருந்து வெயிலும் கீழே இருந்து தார் ரோடும் சேர்ந்து சுடும்போது அது எவ்வளவு கொண்டுபோகும்?

ரெண்டாவது: "ஃபிட்னஸ் இல்லாதவன் எதுக்கு ஓட வரணும்?" இதை எழுதியவர் ஓடி நான் பார்த்ததில்லை, அது இருக்கட்டும். 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல்லில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) உலகத் தொடரின் கடைசிப் போட்டி. பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது தள்ளாடி நின்றுவிட்டார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டித் தள்ளினார். அதற்கு முந்தின மாதம்தான் ஜானி ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியிருந்தார். அவருக்கும் ஃபிட்னஸ் இல்லையா? வெயிலில் விழுகிறவர்களில் நிறைய பேர் நன்றாக ஓடுகிறவர்கள்தான். மெதுவாக ஓடுகிறவர் உடம்பு கெஞ்சும்போது நடந்துவிடுவார். ஜெயிக்க ஓடுகிறவன் நடக்க மாட்டான்.

உலகத்தில் மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சூடு அதிகம் என்று தெரிந்ததும், 2021 ஆகஸ்ட் 7 அன்று நடக்க வேண்டிய பெண்கள் மாரத்தானை முந்தின நாள் ராத்திரி முடிவெடுத்து ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்குக் கொண்டுவந்தார்கள். 2019இல் அதே டோக்கியோவில் நடந்த ஒத்திகைப் போட்டியில் பெண்கள் டிரையத்லானின் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை ஐந்தாகக் குறைத்தார்கள். அவர்கள் வெயிலைப் பார்த்து ஒரு மணி நேரம் முன்னால் போகிறார்கள். நாம் காருக்காகக் காத்திருந்து ஒன்றரை மணி நேரம் பின்னால் போகிறோம்.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் நோகடித்தது: "ஆம்புலன்ஸ் ரெடியா இருந்துச்சே, வேற என்ன செய்யணும்?"

நான் அங்கே இருந்தேன். எங்கள் மேஜையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவன் தடுமாறினான். உடனே விழவில்லை. சாலை ஓரக் கட்டையில் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "என் நம்பரைக் கூப்டாங்களா சார், கூப்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். செலக்‌ஷன் மைதானத்தில் நிற்பதாக நினைத்திருக்கிறான். ரெண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனில் பிடித்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை கொட்டியது. "வேர்க்குது பாரு, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்ல" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். ஓடி விழுகிறவர்களுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் ஹீட் ஸ்ட்ரோக் வரும். ஓடிக்கொண்டிருந்தவன் உளறுகிறான், ஆளைத் தெரியவில்லை, காரணமில்லாமல் கோபப்படுகிறான் என்றால் அந்த நிமிஷமே சந்தேகப்பட வேண்டும். அதற்குள் அவன் சரிந்துவிட்டான். ஒருவர் வண்டிச் சாவியை அவன் கையில் திணித்தார். இன்னொருவர் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றப் பார்த்தார். நினைவு தவறியவன் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போகும் என்று நான் கத்தினேன். கேனைத் தூக்கி அவன் மேல் கவிழ்க்கப் போனால் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூட்டு உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தாதம்மா, ஜன்னி கண்டுரும்."

கையை உதறிவிட்டு ஊற்றினேன். ரெண்டு கேன். ஆம்புலன்ஸ் வந்ததும் பாதியில் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். கம்மவான்பேட்டைப் பக்கம், வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர்கள் இருக்கிற இடம். ராஜஸ்தானில் ரொம்ப காலம் இருந்துவிட்டு வந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் நிலத்தில் கரும்பு வெட்ட வந்த ஒருவர் உச்சி வெயிலில் தள்ளாடி, யாரோடோ சண்டை போடுவதுபோலத் திட்டிக்கொண்டே விழுந்தார். சுற்றி இருந்தவர்கள் சோடா வாங்க ஓடினார்கள். அப்பா அவரைச் சட்டையோடு செருப்போடு இழுத்துக்கொண்டு போய் பம்ப்செட் தொட்டிக்குள் இறக்கினார். மோட்டாரைப் போடச் சொல்லி, கழுத்தளவுத் தண்ணீரில் அவரை வைத்து, தலை முங்காமல் தன் கையில் தாங்கிக்கொண்டு நின்றார். வண்டி கொண்டுவந்தவர்களிடம், "இருங்கடா, ஆள் பேரைச் சொல்லட்டும், அப்புறம் போலாம்" என்றார். அந்த மனிதர் தன் பேரைச் சொன்ன பிறகுதான் வெளியே எடுத்தார். ஜன்னி ஒன்றும் வரவில்லை. மறு வருஷமும் கரும்பு வெட்ட வந்தார்.

அப்பா படித்து வந்து செய்யவில்லை. ஆனால் இன்றைக்கு விளையாட்டு மருத்துவம் சொல்வதும் அதுதான்: முதலில் குளிர வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. உள் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் அதை இறக்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஆகஸ்ட் மாதம் ஏழு மைல் ஓட்டம், நம் கணக்கில் பதினொரு கிலோமீட்டர் சொச்சம். 18 வருடத்தில் 274 பேர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்திருக்கிறார்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஒருவரைக்கூட இழக்கவில்லை. பச்சைத் தண்ணீர் ஆகாது என்கிறவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன சொல்கிறீர்கள்?

தொட்டி வேண்டாம், ஒரு தார்பாய் போதும். ஆளை நடுவில் படுக்கவைத்து, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி, முன்னும் பின்னும் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். வேலூரில் ஐஸ் பாருக்குப் பஞ்சமா? மேடைக்கு வாங்கின சால்வைகளில் ஒன்றைக் குறைத்திருந்தால் ஐஸ் வந்திருக்கும். ஊரைச் சுற்றி ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். நாடெங்கிலும் இருந்து காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது ரோட்டோரத்தில் பத்து நிமிஷம்.

திரும்பத் திரும்பத் தண்ணீர் தண்ணீர் என்கிறீர்களே, அதிலும் ஆபத்து இருக்கிறது என்று தெரியுமா? 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஓர் இளம்பெண் இறந்தது, தேவைக்கு மேல் திரவம் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதால். அந்த ஓட்டத்தில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது என்று 2005இல் ஆய்வே வந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம். என்னோடு ஓடுகிற அக்கா ஒருவர் வெளியூர் மாரத்தானில் ஒரு மேஜை விடாமல் குடித்தார், எல்லோரும் குடி குடி என்று சொன்னதால். முடிவில் விரல்கள் வீங்கி மோதிரம் கழலவில்லை, தலைவலி, வாந்தி. பக்கத்தில் இருந்தவர்கள் "டீஹைட்ரேஷன்" என்று மறுபடி ஒரு பாட்டிலை நீட்டினார்கள். அங்கிருந்த டாக்டர் தடுத்ததால் தப்பித்தார். தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட தூரம் என்றால் ஓஆர்எஸ் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எட்டு மணி வெயிலைத் தண்ணீரால் அணைத்துவிடலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

"ஓடுறவனுக்குப் பொறுப்பு இல்லையா?" இருக்கிறது. காய்ச்சல் வந்துபோன வாரத்தில் ஓடக்கூடாது, தூங்காமல் ஓடக்கூடாது, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் இதில் எதையும் செய்யவில்லை. அவன் செய்தது ஒன்றுதான், நோட்டீஸை நம்பி ஐந்தரைக்கு வந்து நின்றான்.

"விருந்தினர் இல்லாம ஸ்பான்சர் எப்படி வரும்?" விருந்தினர் வரட்டும். பரிசளிப்புக்கு வரட்டும், எட்டு மணிக்கு வரட்டும், எத்தனை சால்வை வேண்டுமானாலும் போடுங்கள். கொடியை அசைக்க ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. சார் போதும். இந்தச் சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். அவர் பேரை ஒவ்வொரு மேடையிலும் சொல்லிக் கைதட்டுகிறீர்கள். ஜெயித்துவிட்டு வந்தவனுக்குக் கைதட்டல், பழகிக்கொண்டிருப்பவனுக்கு வெயிலா? 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடினால் குடும்பத்துக்கு ஒரு போலீஸ் வேலை என்று, பள்ளி மைதானத்திலும் பாலாற்று மணலிலும் இருட்டில் ஓடுகிற பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கு நல்ல ஷூ கிடையாது, கோச் கிடையாது. நீங்கள் நடத்துகிற ஓட்டம்தான் அவர்களுக்குத் திருவிழா. அங்கே வந்தவனைக் காக்க வைத்தீர்கள், வெயிலில் விட்டீர்கள், விழுந்தபோது படம் பிடித்தீர்கள், இப்போது தண்ணீர் குடிக்கவில்லை என்று அவன் மேலேயே பழி போடுகிறீர்கள். அவன் அம்மாவை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். "எம் புள்ள தப்பா எதாவது சாப்ட்டானாம்மா, எல்லாரும் அவனத்தானே சொல்றாங்க" என்று என்னிடம் கேட்டார். இல்லம்மா, அவன் மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பையன் கண் விழித்துவிட்டான், பேசுகிறான். சிறுநீரகம் இன்னும் தேறவில்லை, டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழு அண்ணன்களுக்கு: அடுத்த வருஷமும் வாலண்டியர் கேட்டு எனக்குப் போன் வரும், தெரியும். வருவேன். ஐஸும் தார்பாயும் எந்த மேஜையில் இருக்கிறது, அதைப் பிடிக்கத் தெரிந்த நாலு பேர் யார், விருந்தினர் வராவிட்டாலும் ஐந்தரைக்குக் கொடி அசைக்கப்போவது யார் என்று எழுத்தில் அனுப்புங்கள், அதற்கப்புறம் வருவேன். தார்பாயில் எப்படிக் குளிர வைப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தச் சனிக்கிழமை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வாருங்கள், செய்து காட்டுகிறேன். கமெண்டில் அந்தப் பையனின் வீடியோவைப் போடுகிறவர்களைப் பிளாக் செய்துவிடுவேன்.